கைக்கு வேலை, தலைக்குக் காத்திருப்பு

ஓவிய, சிற்பக் கல்லூரிகளில் ஆண்டு இறுதி டிஸ்பிளே நடக்கும் நாட்களில் ஒரு தீர்ப்பு தவறாமல் காதில் விழும். “முதல்ல ஒழுங்கா வரையக் கத்துக்கட்டும், கான்செப்ட் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்.” பார்வையாளர் சொல்கிறார், பழைய மாணவர் சொல்கிறார், மூத்த ஓவியர் சொல்கிறார். பல நேரங்களில் அந்த மாணவருக்குப் பாடம் எடுத்த ஆசிரியரே சொல்கிறார். சுவரில் துணியும் கம்பியும் பழைய ரேஷன் அட்டையும் தொங்கி, பக்கத்தில் மாணவர் அரைப்பக்கம் எழுதி ஒட்டியிருந்தால் போதும். அந்தத் தாளைப் படிக்கும் முன்பே முடிவு கட்டிவிடுகிறார்கள்: வரையத் தெரியாத பிள்ளை வார்த்தைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இந்த எண்ணத்துக்கு இன்று ஏறக்குறைய எதிர்ப்பே இல்லை. அக்கறையோடு சொல்லப்படுவதால் அதை மறுப்பது மரியாதைக் குறைவு போலவும் தோன்றுகிறது. ஆனாலும் மறுத்தாக வேண்டும். கலை வரலாற்றோடு அது ஒத்துப்போகவில்லை. வகுப்பறையில் அது மாணவரின் நான்கு ஆண்டுகளைப் பாழாக்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் யோசிக்கலாம், யார் கைகட்டிக் காத்திருக்க வேண்டும் என்று அது ஒரு வரிசை வைக்கிறது. அந்த வரிசையை யார், எதற்காக வகுத்தார்கள் என்று முதலில் பார்ப்போம்.

இன்று பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியின் வேர், 1850-இல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி. மண்பாண்டம், ஓடு, செதுக்கு வேலை, பிறகு புகைப்படம் என்று பொருள் செய்யும் கைகளைப் பழக்குவதுதான் அதன் பணி. 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் அங்கேதான் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். நம் சமையலறைக்கு அலுமினியம் வந்து சேர்ந்த கதையில் ஓர் ஓவியப் பள்ளியின் பட்டறைக்கும் பங்கு உண்டு. இதில் இழிவு ஏதும் இல்லை. பொருளை அறிந்த கை பெரிய செல்வம்தான்.

இழிவு அந்தக் கல்வி வகுத்த படிக்கட்டில் இருந்தது. 1850களில் லண்டனின் தெற்கு கென்சிங்டனை மையமாகக் கொண்டு ஹென்றி கோலும் ரிச்சர்ட் ரெட்கிரேவும் ஓவியக் கல்விக்கு 23 படிநிலைகள் கொண்ட பாடத்திட்டம் ஒன்றை நிலைநாட்டினார்கள். முதல் படியில் கருவிகளை வைத்துக் கோடு போட வேண்டும். அடுத்து அச்சிட்ட படத்தைப் பார்த்து வெளிக்கோடு. பிறகு பிளாஸ்டர் வார்ப்பைப் பார்த்து நிழல். இப்படியே ஏறி ஏறி, சொந்தமாக ஒரு வடிவத்தை யோசித்து அமைக்கும் இடம் 22-ஆம், 23-ஆம் படிகளில்தான் வரும். ஆலைக்கும் பட்டறைக்கும் போகப்போகிறவர் அதுவரை ஏறிவர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. பேரரசு கல்கத்தாவிலும் பம்பாயிலும் சென்னையிலும் லாகூரிலும் நடத்திய கலைப்பள்ளிகள் கூடக்குறைய இந்த முறையைத்தான் முன்மாதிரியாகக் கொண்டன. கைவினைஞனின் கை மட்டும் போதும், டிசைன் வேறிடத்திலிருந்து வரும் என்பது அதன் உள்கணக்கு.

“முதலில் கை, பிறகு கருத்து” என்பதை இயற்கையின் ஒழுங்கு போலப் பேசுகிறவர்கள் இந்தப் படிக்கட்டைத்தான் தெரியாமல் தூக்கிச் சுமக்கிறார்கள். உற்பத்திக்கு ஆள் பழக்குவதற்காக வகுத்த வரிசை அது. விடுதலைக்குப் பின்னும் ஸ்டில் லைஃப், லைஃப் ஸ்டடி, போர்ட்ரெயிட், அவுட்டோர், கடைசியில் கம்போசிஷன் என்று அதன் சாயல் பாடத்திட்டங்களில் தங்கிவிட்டது. அந்தப் பயிற்சிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒரு முழங்கை எப்படி மடங்குகிறது என்று மணிக்கணக்கில் உட்கார்ந்து பார்ப்பதைப் போன்ற கல்வி வேறு இல்லை. அந்த மணிக்கணக்கான நேரமும் மாணவர் எதையும் யோசிக்காமல் இருக்க வேண்டும், யோசித்தாலும் வெளியே சொல்லக்கூடாது என்ற நிபந்தனையைத்தான் எதிர்க்கிறேன்.

இந்த நிபந்தனையைச் சென்னைக் கல்லூரியின் வரலாறே உடைத்துப் போட்டிருக்கிறது. தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு, 1936-இல் தன் இருபத்தைந்தாம் வயதில் மாணவராக உள்ளே வந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். அப்போது பள்ளியின் தலைமையில் இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பணிக்கர் 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை உருவாக்கினார். 1957 முதல் பத்தாண்டுகள் கல்லூரியின் முதல்வராக இருந்தார். அந்தப் பத்தாண்டுகளில் அந்த வளாகத்தில் நடந்தது என்ன? ஐரோப்பாவை நகலெடுக்காமல், அஜந்தாவையும் நகலெடுக்காமல், இங்கே, இன்று, எப்படி வரைவது என்ற கேள்வியை ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்றாக உட்கார்ந்து விவாதித்தார்கள். படித்து முடித்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று அந்தக் கேள்வியைப் பரணில் ஏற்றி வைக்கவில்லை. மாணவர்களாக இருந்தபோதே அது அவர்கள் கேள்வியாக இருந்தது. மெட்ராஸ் இயக்கம் என்று இன்று பெருமையோடு சொல்கிறோமே, அதன் தனி அடையாளமான கோடு அந்த விவாதத்திலிருந்துதான் பிறந்தது. கே.எம். ஆதிமூலத்தின் மைக்கோட்டில் காந்தி நடந்து வரும்போது அந்தக் கோட்டுக்குள் கைப்பழக்கம் எவ்வளவு, எண்ணம் எவ்வளவு என்று யாராவது பிரித்துக் காட்ட முடியுமா?

பணிக்கர் 1963-லிருந்து வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையில் எழுத்தும் கட்டமும் ஜாதகக் குறிப்பு போன்ற வடிவங்களும் நிறைந்திருக்கின்றன. இன்றைய மாணவர் ஒருவர் அப்படியொரு படத்தை வைத்தால், “இதுல டிராயிங் எங்க?” என்றுதான் முதலில் கேட்பார்கள். 1966-இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவானபோது அங்கே போனவர்களில் பலர் அப்போதுதான் கல்லூரியை விட்டு வெளியே வந்த இளைஞர்கள். பாத்திக் துணி அச்சிட்டு, கைவினைப் பொருள் செய்து விற்று, அந்தப் பணத்தில் தாங்கள் வரைய விரும்பியதை வரைந்தார்கள். கைத்திறனை மதிக்காதவர்கள் செய்யும் காரியமா இது? தங்கள் எண்ணத்துக்குச் சோறு போட அந்தக் கையை வைத்தே உழைத்தார்கள்.

அவர்களில் ஒருவர் கே. ராமானுஜம். 1941-இல் பிறந்து 1973-இல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டவர். மனநோயோடு வாழ்ந்தவர். பணிக்கர் அவரை மாணவராக ஏற்று அரவணைத்தார். ராமானுஜத்தின் மைச் சித்திரங்களில் மாளிகைகள் அடுக்கடுக்காக எழும்பும், விசித்திர விலங்குகளும் பறக்கும் உருவங்களும் திரியும், நடுவே தொப்பி வைத்த ஒரு மனிதராக அவரே நிற்பார். உடற்கூறு சரியாக வரட்டும், பிறகு உன் கனவைச் சொல் என்று அவரை நிறுத்தி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? முப்பத்திரண்டு வயதில் முடிந்த வாழ்க்கை அது. பிறகு என்று ஒன்று அவருக்கு இல்லவே இல்லை.

கைத்திறன் கட்சிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த பெயர் ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணத்திலும் சென்னையிலும் படித்தவர். 2021 ஜூனில் கொரோனா அவரைக் கொண்டுபோனது. “அப்படியே போட்டோ மாதிரி” என்று தமிழ்நாடே வியந்தது. வரையக் கற்றால் இப்படிக் கற்க வேண்டும் என்று மாணவர்களுக்கு அவரைக் காட்டி இடித்துரைக்கிறார்கள். அவருக்குச் செய்யும் பெரிய அவமரியாதை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. போட்டோ போல வரையும் கைகள் தமிழ்நாட்டில் இளையராஜாவுக்கு முன்பும் இருந்தன, இப்போதும் ஏராளமாக இருக்கின்றன. அவர்களை விட்டு நாம் ஏன் இவரிடம் போனோம்? கறுத்த நிறமுள்ள தமிழ்ப் பெண்ணை, அவள் வீட்டுக் கதவோரத்தில், அவள் வேலைக்கு நடுவில், நிழலிலிருந்து வரும் வெளிச்சத்தில், எந்த மன்னிப்பும் கேட்காமல் அழகு என்று முன்னால் நிறுத்தினார். காலண்டரும் சினிமாவும் வெள்ளைத் தோலை அழகின் இலக்கணமாக்கி வைத்திருந்த நாட்டில் அது கூர்மையான வாதம். அந்த வாதம் இல்லாவிட்டால் அந்தத் தூரிகைக்கு அந்த வெளிச்சமே தேவைப்பட்டிருக்காது. எண்ணம்தான் அவரிடம் அந்தத் திறனைக் கேட்டது. கருப்பில் இத்தனை வண்ணம் உண்டு என்று நம்பாதவர் கை, அந்த வண்ணங்களைத் தேடிக் குழைத்துப் பார்க்காது.

அடுத்து, சுவரில் ஒட்டிய அந்தத் தாள். “நல்ல படைப்புக்கு விளக்கம் தேவையில்லை, அதுவே பேசும்” என்பது இந்தப் பொதுப்புத்தியின் இரண்டாவது தூண். கூடவே, படைப்புக்குப் பக்கத்தில் எழுதி ஒட்டுவது வெளிநாட்டுப் பழக்கம், நம் மரபில் சிற்பி பேசமாட்டான், சிலைதான் பேசும் என்றும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

நம் மரபைப் பற்றி இதைவிடத் தவறாகச் சொல்ல முடியாது. 1957-இல் தொடங்கிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியில் படிக்கிறவர்களைக் கேளுங்கள். உளி தொடும் முன் தியான சுலோகம் இருக்கிறது. எந்தத் தெய்வத்துக்கு எத்தனை கை, எந்தக் கையில் என்ன, முகத்தில் என்ன பாவம் என்பதெல்லாம் முதலில் சொல்லாகத்தான் சிற்பியிடம் வந்து சேர்கிறது. சுவாமிமலையில் தென்னங்கீற்றின் ஓலையைச் சிலையின் உயரத்துக்கு நறுக்கி, தாளக் கணக்குப்படி மடித்து மடித்து, அந்த ஒடியோலையை வைத்துத்தான் மெழுகில் உருவம் பிடிக்கிறார்கள். அந்த மடிப்பு ஒவ்வொன்றும் நூலில் உள்ள அளவு. தேன்மெழுகும் குங்கிலியமும் காவிரி வண்டலும் அதற்குப் பிறகுதான் வருகின்றன. கையும் கருத்தும் அந்தப் பட்டறையில் ஒன்றுக்கொன்று காத்திருப்பதில்லை. ஓலையை மடிக்கும் அதே விரல்தான் கணக்கையும் போடுகிறது.

பார்க்கிறவர் பக்கமும் அப்படியே. ஆடவல்லான் திருமேனியின் முன் நிற்கும் பக்தருக்கு அது “தானே பேசுகிறது” என்றால், காலடியில் கிடக்கும் முயலகன் யார், தூக்கிய பாதம் எதற்கு, கையில் ஏன் தீ என்பதெல்லாம் அவர் சிறுவயது முதல் கேட்டு வந்த கதைகள் என்பதால்தான். பாட்டி சொன்ன கதை, ஓதுவார் பாடியது, தலபுராணம், திருவிழா, சினிமா எல்லாம் சேர்ந்து பல நூறாண்டுகளாக அந்தச் சிலைக்கு விளக்கக்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கின்றன. சுவரில் தாள் இல்லை, அவ்வளவுதான். தாள் நம் எல்லோர் காதுக்குள்ளும் இருக்கிறது.

சாயப்பட்டறைக் கழிவில் நிறம் மாறிய ஆற்றங்கரையில் வளர்ந்த ஒரு பெண், அந்த ஆற்றின் தண்ணீரிலேயே துணியை நனைத்துக் காயவைத்துத் தொங்கவிடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு எந்தத் தலபுராணம் இருக்கிறது? எந்த ஓதுவார் அவள் ஊரைப் பாடியிருக்கிறார்? பார்க்க வருகிறவர் காதில் முன்கூட்டியே ஒலிக்கும் கதை எதுவும் அவளுக்குத் துணையில்லை. ஆகவே அவள்தான் எழுதியாக வேண்டும். அதை எழுதாதே, படைப்பே பேசட்டும் என்று சொல்வது, ஏற்கெனவே பேசப்பட்ட கதைகளை மட்டும் வரை என்று சொல்வதற்குச் சமம். புராணம் உள்ளவர்கள் வரையலாம், இல்லாதவர்கள் பழக்கூடையை வரையட்டும் என்பதுதான் இதன் நடைமுறைப் பொருள்.

ஒரு மாணவரின் எழுத்து ஒரு நாட்டின் நினைவையே மாற்றியமைத்த கதை ஒன்று உண்டு. 1981-இல் அமெரிக்காவில் வியட்நாம் போரில் இறந்த வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்ப ஒரு போட்டி நடந்தது. அனுப்பியவர் பெயர் நடுவர்களுக்குத் தெரியாது. வந்தவை 1,421. தேர்வானது யேல் பல்கலைக்கழகத்தில் இளங்கலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்த, 21 வயது நிரம்பிய மாயா லின் அனுப்பியது. நீத்தார் நினைவுக் கட்டடங்கள் பற்றிய ஒரு வகுப்புக்காக அவர் யோசித்த வடிவம் அது. அவர் அனுப்பிய படங்களைப் பார்த்தால் நம் ஊர் ஜூரியில் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். மென்மையான பாஸ்டல் தீட்டலில் நிலத்தில் ஒரு கருப்புக் கோணம் தெரியும், மற்றபடி சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இராது. மனித உருவம் இல்லை, துப்பாக்கி இல்லை, கொடி இல்லை. கூடவே ஒரு தாளில் கையால் எழுதிய விளக்கம். வடிவத்தை யோசிக்க ஆன நேரத்தைவிட அந்த விளக்கத்தை எழுத அதிக நேரம் ஆனது என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அந்த எழுத்து இல்லாமல் அந்த வடிவம் புரியாது என்று அவர் கருதினார். நடுவர்கள் அதைப் படித்தார்கள். படித்ததால்தான் அந்தக் கருப்புக் கோணம் அவர்களுக்குத் திறந்தது.

வெளியே புயல் அடித்தது. வீரம் எங்கே, உருவம் எங்கே, இது வெட்கச் சின்னம் என்றார்கள். எதிர்ப்பைத் தணிக்க, பிரெடெரிக் ஹார்ட் என்ற தேர்ந்த சிற்பி மூன்று படைவீரர்களைத் தசையும் நரம்பும் உடுப்பின் மடிப்பும் பிசகாமல் வெண்கலத்தில் வடித்தார். 1984-இல் அதைப் பக்கத்தில் வைத்தார்கள். அதுவும் நல்ல சிற்பம்தான். ஆனால் அங்கே போகிறவர்கள் கையை எங்கே வைக்கிறார்கள்? இறந்த வரிசையில் 58,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் செதுக்கிய அந்தக் கருங்கல் சுவரில். கல்லின் பளபளப்பில் பெயர்களுக்கு நடுவே தங்கள் முகம் தெரிய நிற்கிறார்கள். தாளைப் பெயர் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து, மகனின் பெயரை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வாழ்க்கையில் தூரிகை பிடிக்காத தாய்மார்களையும் அந்தச் சுவர் படம் எடுக்க வைத்தது. இதைச் சாதித்தது ஒரு மாணவியின் எண்ணம். “முதலில் ஒரு மனித உருவத்தை ஒழுங்காக வரைந்து காட்டு” என்று அந்தத் தாளை ஒதுக்கியிருந்தால், அந்த நாட்டுக்கு மூன்று வெண்கல வீரர்கள் மட்டும் மிஞ்சியிருப்பார்கள்.

எதிர்த் தரப்புக்குச் சாதகமாகத் தோன்றும் ஒன்றையும் நானே எடுத்து வைக்கிறேன். 1989 மே மாத இறுதியில் பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் சீன மத்திய நுண்கலைக் கழக மாணவர்கள் சுமார் பத்து மீட்டர் உயரத்தில் ஜனநாயகத் தேவியின் சிலையை எழுப்பினார்கள். நுரைக் கட்டிகளும் காகிதக்கூழும் உலோகச் சட்டமும் கொண்டு நான்கே நாட்களில் முடித்த வேலை. அத்தனை விரைவு எப்படிச் சாத்தியமானது? இரு கைகளாலும் ஒரு கம்பத்தைப் பற்றி நிற்கும் ஆணின் சிறு களிமண் உருவம் ஒன்று அவர்களிடம் இருந்தது. உடலின் எடை எப்படிச் சாய்கிறது என்று கற்பதற்காகச் செய்த வகுப்புப் பயிற்சி அது. கம்பத்தைத் தீப்பந்தமாக்கி, ஆணைப் பெண்ணாக்கி, அதையே பெரிதாக்கினார்கள். பார்த்தீர்களா, பயிற்சிதானே காப்பாற்றியது என்பார்கள். ஆமாம், பயிற்சி உதவியது. ஆனால் அந்தப் பயிற்சி உருவம் வகுப்பறையில் இருந்தபோது யாரும் அதைப் பார்க்க ஓடி வரவில்லை. கைக்குத் தெரிந்ததை எதற்குப் பயன்படுத்துவது என்று அந்த மாணவர்கள் முடிவெடுத்த கணத்தில்தான் அது சிலையானது. ஜூன் 4 அன்று ராணுவ டாங்கி ஒன்று அதைச் சாய்த்தது. தசையின் சாய்வு சரியாக இருக்கிறதா என்று அந்த டாங்கி பார்க்கவில்லை. சொல்லப்பட்ட செய்திதான் அதற்கு உறுத்தியது.

“மாணவர்களின் கருத்துகள் இரவல், எல்லாம் படித்த வார்த்தைகள்” என்ற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. உடல், வெளி, அடையாளம், நினைவு என்று நான்கு சொற்களைக் குலுக்கிப் போட்டது போன்ற விளக்கத்தாள்களை நானும் நிறையப் படித்திருக்கிறேன். அவை சலிப்பூட்டுகின்றன. ஆனால் அந்தச் சலிப்புக்கு மாணவரை மட்டும் குற்றம் சாட்டுவது நியாயமில்லை. வீட்டிலும் பட்டறையிலும் தமிழில் யோசிக்கும் பிள்ளை, தன் படைப்பைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால்தான் கேலரியும் ஜூரியும் உதவித்தொகைக் குழுவும் திரும்பிப் பார்க்கும் என்ற நிலைமையை உண்டாக்கியது யார்? அந்த மொழியில் அவருக்குக் கிடைக்கும் சொற்கள் பிறர் எழுதிய கேட்டலாக்கிலிருந்து வருபவை. அதே பிள்ளையிடம் தமிழில், “இந்தத் துணியை ஏன் எடுத்தாய், எங்கிருந்து எடுத்தாய்?” என்று கேட்டுப் பாருங்கள். அம்மாவின் புடவை, அதைக் கட்டிக்கொண்டு அவர் வேலைக்குப் போன இடம், அங்கே அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று சொல்லத் தொடங்குவார். அந்தப் பேச்சு இரவல் இல்லை. அதைத் தாளில் ஏற்றும் பயிற்சியை நாம் கொடுக்கவில்லை. யோசிக்கப் பழக்காமல் விட்டுவிட்டு, யோசனை சரியில்லை என்று தண்டிக்கிறோம்.

சொந்த எண்ணம் சொந்தத் திறனைத் தேடிக்கொள்ளும் என்பதற்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை படித்த ஹனுஷா சோமசுந்தரம் ஒரு சான்று. ஹட்டன் தேயிலைத் தோட்டப் பகுதியிலிருந்து வந்தவர். தேயிலையையும் தேநீர்க் கறையையும் தன் படைப்புக்குள் கொண்டுவந்தார். தாளில் தேநீர்க் கறை எப்படி ஊறும், எங்கே நிற்கும், காய்ந்தால் எந்த நிறமாகும் என்பதை எந்தப் பாடத்திட்டத்தின் எந்தப் படிநிலையிலும் சொல்லித் தர மாட்டார்கள். கொழுந்து பறித்த கைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்ற உறுதிதான் அந்தத் தொழில்நுட்பத்தைக் கற்க வைக்கும்.

இனி, இந்தப் பொதுப்புத்தியின் மிக ஆபத்தான விளைவுக்கு வருகிறேன். கருத்து மாணவரின் வேலையல்ல என்று கல்வி நிறுவனமே நம்பினால், அந்தக் கருத்துக்காக மாணவர் தாக்கப்படும்போது நிறுவனம் அவர் பக்கம் நிற்காது. பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் சாதாரண இடம் அல்ல. 1950-இல் தொடங்கி, பட்டறையோடு கலை வரலாற்றையும் அழகியலையும் சேர்த்துப் படிக்க வைத்து, ஓவியனைப் பல்கலைக்கழகப் பட்டதாரியாக்கிய முன்னோடி. கே.ஜி. சுப்ரமணியன் கற்பித்த இடம். அங்கே 2007 மே 9 அன்று, அச்சோவியத் துறையின் முதுகலை மாணவர் சந்திரமோகன் தேர்வுக்காக வைத்திருந்த படைப்புகள் மதத்தைப் புண்படுத்துவதாகச் சொல்லி வெளியாட்கள் உள்ளே நுழைந்தார்கள். போலீஸ் மாணவரைக் கைது செய்தது. அந்த அறையில் இருந்தது விற்பனைக் கண்காட்சி அல்ல, தேர்வு. ஒரு கணித மாணவரின் விடைத்தாளைத் தெருவில் போகிறவர் பிடுங்கிப் பார்த்துப் புகார் கொடுத்தால் பல்கலைக்கழகம் என்ன செய்யும்? இங்கே அது மாணவருக்காக வழக்குமன்றத்தில் நிற்கவில்லை. இந்தியக் கலை மரபிலேயே காமமும் உடலும் எப்படி இடம்பெற்றிருக்கின்றன என்று காட்ட மாணவர்கள் ஆவணப் படங்களைக் கொண்டு ஒரு கண்காட்சி வைத்தார்கள். அதை மூடச் சொன்னபோது மறுத்த பொறுப்பு டீன் சிவாஜி பணிக்கர் இடைநீக்கம் செய்யப்பட்டார்.

அந்த மாணவர்கள் செய்ததைக் கவனியுங்கள். கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. தங்கள் துறையின் ஆவண அறைக்குப் போய், படங்களைத் தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, சுவரில் மாட்டி, ஒரு வாதத்தைக் கட்டினார்கள். பல்கலைக்கழகக் கலைக்கல்வி தன் மாணவர்களிடம் எதை எதிர்பார்க்கலாமோ அதன் உச்சம் அது. அதற்குக் கிடைத்த பதில் பூட்டு. சந்திரமோகனுக்குப் பட்டம் வழங்கப்படவில்லை. பதினோரு ஆண்டுகள் கழித்து, 2018 பிப்ரவரியில், பட்டம் கேட்டுப் போய்த் துணைவேந்தர் அலுவலகத்துக்குத் தீ வைத்ததாகக் கைதானார். தீ வைத்ததை யாரும் ஆதரிக்க முடியாது. ஆனால் ஒரு விடைத்தாளைத் திருத்த மறுத்து ஓர் இளைஞனின் பதினோரு ஆண்டுகளை எடுத்துக்கொண்டதற்கு யார் பதில் சொல்வது? 2022-இல் அதே புலத்தில் இன்னொரு மாணவர், பெண்கள் மீதான பாலியல் வன்முறைச் செய்திகள் வந்த நாளிதழ்த் தாள்களை வெட்டித் தெய்வ உருவங்கள் செய்தார். மறுபடியும் கூச்சல் எழுந்தது. அந்த மாணவர் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். தினமும் காலையில் காபியோடு நாம் படித்துவிட்டு மடித்து வைக்கும் செய்திகள் அவை. நாளிதழில் அச்சானபோது யாரும் புண்படவில்லை.

இந்த இரு சம்பவங்களின்போதும் கலை உலகத்துக்குள்ளிருந்தே, “மாணவனுக்கு எதற்கு இந்த வம்பு, படிக்கிற காலத்தில் படிக்க வேண்டியதுதானே” என்று சொன்னவர்கள் உண்டு. கூட்டத்துக்குக் கதவைத் திறந்துவிடும் வாசகம் அதுதான். யோசிப்பதும் படிப்பில் ஒரு பகுதி என்று நிறுவனம் முன்பே எழுதி வைத்திருந்தால், பாதுகாக்க வேண்டியது எது என்ற குழப்பம் அதற்கு வந்திருக்காது.

நான் கேட்பது மாணவர் வைத்ததையெல்லாம் தட்டிக்கொடுக்கச் சொல்லி அல்ல. நேர்மாறாக, இப்போது நடப்பதைவிடக் கடுமையான விமர்சனத்தைக் கேட்கிறேன். “டிராயிங் வீக்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போவது மிக எளிது. இந்த ரேஷன் அட்டைக்கும் அதன் மேல் நீ தைத்த சிவப்பு நூலுக்கும் என்ன உறவு, நூலை எடுத்துவிட்டால் என்ன குறையும், உன் அப்பா இதைப் பார்த்தால் என்ன சொல்வார், இதையே மரத்தில் செதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டு, பதில் வரும்வரை நின்று, பதில் பலவீனமாக இருந்தால் முகத்துக்கு நேராக அதைச் சொல்வதுதான் கடினம். அப்படிக் கேட்கும் ஆசிரியரிடம் மாணவர் கைத்திறனையும் கேட்டு வாங்கிக்கொள்வார். தான் சொல்ல வந்ததைச் சொல்லத் தன் கோடு போதவில்லை என்று தெரிந்த அன்று இரவு அவர் தூங்காமல் கோடு போடுவார். இரண்டாம் ஆண்டில் அந்த இரவு வருவதற்கும், வேலை தேடி வெளியே போன பிறகு வருவதற்கும் உள்ள தூரம் பெரியது.

கும்பகோணத்திலும் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கும் கல்லூரிகள் இதை வருகிற டிஸ்பிளேயிலேயே தொடங்கலாம். ஒவ்வொரு படைப்புக்கும் பக்கத்தில் மாணவர் தமிழில் எழுதிய ஒரு பக்கம் இருக்கட்டும். ஜூரியில் ஓர் ஓவியரோடு ஓர் எழுத்தாளரும், அந்த மாணவரின் ஊர்த் தொழிலை அறிந்த ஒருவரும் உட்காரட்டும். மதிப்பெண் போடும் முன் அரைமணி நேரம் மாணவரோடு பேசட்டும், அந்தப் பேச்சைப் பதிவு செய்யட்டும். டிஸ்பிளே முடிந்ததும் படங்கள் விடுதிக் கட்டிலுக்கு அடியில் போய்ச் சேர்கின்றன. அவற்றின் புகைப்படங்களும் அந்தப் பக்கங்களும் கல்லூரி நூலகத்தில் ஆண்டுவாரியாகத் தொகுதிகளாக இருக்கட்டும், அடுத்த ஆண்டு சேரும் பிள்ளை எடுத்துப் படித்துச் சண்டை போடுவதற்கு.